மருந்துப் பிளாஸ்திரி சுற்றிய வயர்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய தொலைபேசி வயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறார்களாம். அந்த வேலையில் இருக்கும் பொறியாளர் ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்து, போன மாதம் ஒரு படம் அனுப்பினார். ஏதோ ஒரு பெரிய மேஜையின் பின்பக்கம். பத்துப் பன்னிரண்டு வயர்கள், தலை வாரிப் பின்னியது போல ஒரே கட்டாக இறங்குகின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணிச் சீட்டு, அதில் என் கையெழுத்து. கீழே இந்தியில் ஒரு கேள்வி: ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் சீட்டு கட்ட உங்களுக்கு அவ்வளவு நேரம் இருந்ததா?

நேரம் இருக்கவில்லை. காரணம் இருந்தது. அதை அவருக்கு போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. டெல்லியில் உயரமான கூரையும், நடந்தால் கால் வலிக்கிற நீளத்துக்குத் தாழ்வாரமும் உள்ள அரசாங்கக் கட்டடங்கள் நிறைய. அதில் ஒன்று. நான் குடியாத்தத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் கட்டடத்தின் உள் தொலைபேசிப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏணி பிடித்தேன், இந்தி கற்றுக்கொண்டேன், எதைக் கேட்டாலும் "அச்சா ஜி" என்றேன்.

அந்தக் காலத்தில் ஓர் அதிகாரியின் மேஜைமேல் எத்தனை தொலைபேசி இருக்கிறதோ அதை வைத்துத்தான் அவர் எவ்வளவு பெரியவர் என்று தெரியும். வெளி லைன் ஒன்று, உள் லைன் ஒன்று, மேலதிகாரியோடு நேராகப் பேச ஒன்று, உதவியாளரைக் கூப்பிட ஒன்று. எல்லாம் மேஜைமேல் துடைத்து வைத்தது போல இருக்கும். மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். தொலைபேசி வயர்களோடு மேஜை விளக்கின் வயர், பியூனைக் கூப்பிடும் மணியின் வயர், குளிர்காலத்து ஹீட்டரின் வயர், கோடையில் மேஜை விசிறியின் வயர், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் குருவிக்கூடு மாதிரிக் கிடக்கும். பெருக்குகிறவர் துடைப்பத்தால் அதைச் சுவரோரம் தள்ளுவார். அதிகாரி காலால் திரும்ப இழுத்துவிடுவார்.

அந்தக் கூட்டைக் கட்டியவர்கள் நாங்கள்தான். ஒரு வயர் பழுதானால் எதைக் கழற்றுவது என்று தேட மாட்டோம். பக்கத்திலேயே புதிதாக ஒன்றை இழுத்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிடுவோம். அதிகாரி அவசரப்படுவார், எங்களுக்கும் அடுத்த அறை காத்திருக்கும். இப்படிப் பத்து வருடம் போனால், எந்த வயரில் உயிர் இருக்கிறது, எது செத்தது என்று அதைப் போட்டவனுக்கே தெரியாது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஜூனியர் இன்ஜினியராக மல்ஹோத்ரா மேடம் வந்தார். கரோல்பாக்கில் வளர்ந்த பஞ்சாபிப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஏழு ஆண்கள் இருந்த பிரிவில், எங்கள் எல்லோருக்கும் மேலே ஒரு பெண். முதல் நாள் நாங்கள் வாசல் வரை போய் வரவேற்றோம், மரியாதையால் அல்ல, வேடிக்கை பார்க்க.

அவர் அன்று நாற்காலியில் உட்காரவில்லை. ஓர் அறையைக் காட்டச் சொன்னார். காட்டினோம். கையில் இருந்த செய்தித்தாளைத் தரையில் விரித்து, பருத்திப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டி போட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். கால் மணி நேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது தலையில் ஒட்டடை. "இதுல பாதி வயர் எங்கேயுமே போகலை" என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரிடமும் "ஏன் செய்யவில்லை" என்று கேட்க மாட்டார். "எங்கே வரைக்கும் வந்திருக்கீங்க" என்றுதான் கேட்பார். எல்லோரையும் பெயரோடு ஜி சேர்த்துத்தான் கூப்பிடுவார். நான் முருகேசன் ஜி. ஆனால் யாராவது ஒரு வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் மட்டும் முகம் மாறிவிடும். எந்த வயர் எது என்று கண்டுபிடிக்க நாங்கள் எல்லோரும் இழுத்துத்தான் பார்ப்போம், மறுமுனையில் எது ஆடுகிறது என்று. அது கூடாது என்றார். இழுத்தால் ஆடுவது நாம் இழுத்த வயராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, சிக்கிக்கொண்ட இன்னொன்றும் ஆடும்.

அவர் முறை இதுதான். தெரிந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும். விரல்களுக்கு நடுவே வயரைப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே மறுமுனை வரை போக வேண்டும். கண்ணை நம்பக்கூடாது, ஒரே நிறத்தில் ஆறு வயர் ஓடும்போது கண் தாவிவிடும். சுவருக்குள் மறைந்தால் பேட்டரியும் பஸ்ஸரும் வைத்து, இந்த முனையைத் தொட்டு அந்த முனையில் சத்தம் கேட்க வேண்டும். முனை தெரிந்ததும் அங்கேயே சீட்டு. சீட்டுக்கு, கோப்பு கட்டுகிற வெள்ளை நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். எங்கிருந்து எங்கே என்று அதில் மையால் எழுதி இரண்டு முனையிலும் கட்ட வேண்டும். மின்சார வயர் ஒரு பக்கம், தொலைபேசி வயர் ஒரு பக்கம், நடுவில் நாலு விரல் இடம். பிறகுதான் மெழுகு தேய்த்த நூலால் கட்டு. கட்டு இறுகக்கூடாது, ஒரு வயரை மட்டும் உருவி எடுக்க முடிய வேண்டும். கடைசியாக, எந்த வயர் எங்கே போகிறது என்று பிரிவின் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.

வந்த புதிதில் எங்களைக் கூட்டி வைத்து ஒன்று சொன்னார். ரெஜிஸ்டரில் இல்லாமல் அவரவர் போட்ட வயர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், யாரையும் எதுவும் கேட்க மாட்டேன். நான் நாலு சொன்னேன். வேறு இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். எங்கள் மாடியில் ஓர் இணைச் செயலாளரின் அறையிலிருந்து ஏதோ ஒரு டெண்டர் விஷயம் முடிவாகும் முன்பே வெளியே போய்விட்டது. அவர் தொலைபேசியில் ஒருவரோடு பேசிய வார்த்தைகள் அப்படியே மறுநாள் வேறு இடத்தில் திரும்பி வந்ததாகப் பேச்சு. பாதுகாப்பு அதிகாரி வந்து அறையைச் சோதித்தார். மேஜைக்குப் பின்னால், வெளி லைன் தொலைபேசியின் இணைப்பிலிருந்து ரகசியமாகப் பிரிந்த மாதிரி ஒரு வயர். அது கம்பளத்துக்கு அடியில் போய், சுவரோரமாக ஓடி, கதவு இடுக்கில் நுழைந்து, பக்கத்துச் சின்ன அறையில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் முடிந்தது. நுனியில் செம்பு தெரிந்தது. அந்தச் சின்ன அறை அதிகாரியின் பி.ஏ. நடராஜன் உட்காருகிற இடம். அவர் மேஜை டிராயரில் காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்றும் இருந்தது.

அந்தக் கருவி, அதிகாரி டிக்டாஃபோனில் பேசி வைப்பதைக் கேட்டு டைப் அடிப்பதற்காக அலுவலகமே கொடுத்தது. அன்று அது யார் காதிலும் ஏறவில்லை. வயர் இருக்கிறது, கேட்கும் கருவி இருக்கிறது, விஷயம் வெளியே போயிருக்கிறது. மறுநாள் நடராஜனை இடைநீக்கம் செய்துவிட்டார்கள்.

நடராஜன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். என்னைவிட இருபது வயதாவது பெரியவர். ஸ்டெனோவாக வந்து இருபது வருடத்துக்குமேல் டெல்லியில் இருந்தவர். சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஒரே பெண், மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசுவார். நான் அவர் அறைக்குப் பழுது பார்க்கப் போனால் நாற்காலியை அவரே நகர்த்திக் கொடுத்து, நான் தரையில் உட்கார்ந்திருக்கும் வரை தானும் உட்கார மாட்டார். எனக்கும் அவருக்கும் அதற்குமேல் பழக்கம் இல்லை.

வயரை ஆராய்ந்து எழுத்தில் அறிக்கை கொடுக்கும்படி எங்கள் பிரிவுக்கு உத்தரவு வந்தது. மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சின்ன அறையில் அலமாரிக்குப் பின்னால் அந்த முனையில் பஸ்ஸரோடு இருந்தார். நான் பெரிய அறையில் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பலகையின் உள்பக்கம் இருந்த இணைப்புப் பெட்டியிலிருந்து வயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சாண் தூரத்தில் ஒரு முடிச்சு. வயர் இரண்டாகப் பிரியும் இடம். அதன்மேல் ஏதோ சொரசொரவென்று இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பினேன். மருந்துப் பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது.

அந்தப் பிளாஸ்திரியைச் சுற்றியவன் நான்.

மேடம் வருவதற்குச் சில மாதம் முன்பு, அந்த அறையில் இருந்த பழைய அதிகாரிக்கு முதுகுவலி. மதியத்தில் பக்கத்துச் சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டுப் படுப்பார். படுத்துக்கொண்டே பேச அங்கே ஒரு தொலைபேசி வேண்டும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்கால ரயிலில் நான் என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். பையில் வயர்மேல் சுற்றுகிற டேப் தீர்ந்துவிட்டது. ஸ்டோருக்குப் போனால் அரை மணி ஆகும். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து இணைப்பில் சுற்றினேன். திரும்பி வந்து டேப் போட்டுக்கொள்ளலாம், ரெஜிஸ்டரிலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஓடினேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது மறந்துபோனது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் ஸ்டோர் ஆட்கள் கட்டிலையும் தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், வயரை விட்டுவிட்டு. பிறகு புது அதிகாரி வந்தார், கூடவே நடராஜன் வந்தார். சின்ன அறை பி.ஏ. அறையாகி, வயர் முனைக்கு முன்னால் அலமாரி நின்றது.

"ஏதாவது தெரியுதா?" என்று மேடம் அந்த அறையிலிருந்து கேட்டார்.

"பழைய ஜாயின்ட் ஒண்ணு இருக்கு" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தச் சமயம் என் மனைவிக்கு ஏழாம் மாதம். சீனியர் டெக்னீஷியன் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. வயர் நான் போட்டது என்று சொன்னால், எனக்கும் நடராஜனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். இரண்டு பேரும் மதராசி. ஒருத்தன் வயர் போட்டான், இன்னொருத்தன் கேட்டான் என்று கதை தானாகவே சேர்ந்துவிடும். அவரைக் காப்பாற்றப் போய் நானும் அவர் பக்கத்தில் நிற்பேன். இப்படி நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தேன். மேடம் அறிக்கைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார், என்னை அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, விடுமுறை. மனைவி புளியும் அரிசி அப்பளமும் கேட்டாள் என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். தமிழ்நாட்டுச் சாமான் விற்கிற கடை வாசலில் நடராஜன் நின்றிருந்தார். கையில் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர், மஃப்ளர், சவரம் செய்த முகம், எல்லாம் அலுவலகத்துக்குக் கிளம்பியவர் மாதிரி. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அவர் பார்த்துவிட்டார். கடைக்குள் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் அவரைப் பார்க்காதது போல மசாலாப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதவராக என்னிடம் வந்தார்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். தினமும் வழக்கமான நேரத்துக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவதாகச் சொன்னார். மகளுக்கு இன்னும் தெரியாதாம். லோதி தோட்டத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறாராம். சனிக்கிழமை என்பதால் இன்று மார்க்கெட். சொல்லிவிட்டுப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"வயரை நீங்கதான் பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன் முருகேசன். உங்க கையில இருக்குன்னதும்தான் ஒரு ராத்திரி தூங்கினேன்."

பாக்குறேன் ஸார் என்று ஏதோ முனகினேன். புளி வாங்காமலே வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கிட்ட அவரு எத்தனை நாளைக்குச் சொல்லாம இருப்பாரு?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மேடம் வருவதற்கு முன்பே போய் அவர் மேஜை எதிரே நின்றுகொண்டிருந்தேன். வந்ததும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, ரயில், பிளாஸ்திரி, எல்லாம். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே கேட்டார். ரெஜிஸ்டரில் எழுதவில்லையா என்றார். இல்லை என்றேன். தான் வந்த புதிதில் எல்லோரையும் கேட்டபோது இது ஞாபகம் வரவில்லையா என்றார். சத்தியமாக வரவில்லை என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து வருடாந்தரச் சோதனைக் கோப்பை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அந்த அறையின் பெயருக்கு நேரே, எல்லா வயர்களும் ரெஜிஸ்டர்படி சரியாக உள்ளன என்று எழுதி அவர் கையெழுத்து. மூன்று வருடம் மூன்று கையெழுத்து.

"முதல் வருஷம் ரெஜிஸ்டரைப் பாத்து எழுதினேன், குனிஞ்சு பாக்கலை. அடுத்த வருஷம் போன வருஷத்துதைப் பாத்து எழுதினேன்" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "எழுத வேண்டியது ரெண்டு பேர், முருகேசன் ஜி. முதல்ல நான் எழுதறேன்."

நான் அவரைத் தடுக்கப் பார்த்தேன். வயர் நான் போட்டது, உங்கள் பெயர் எதற்கு என்றேன். தன் கையெழுத்து இருக்கிற பக்கத்தை விசாரணையில் எப்படியும் எடுப்பார்கள், அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நீங்கள் போட்ட வயரையும் சேர்ந்து மறைத்தோம் என்றாகிவிடும், தானே சொன்னால் வெறும் தவறு என்று நிற்கும் என்றார். இதை வேலை விஷயம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார். எழுதி முடித்துத் தேதி போட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். அவர் வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரி எங்கள் இரண்டு காகிதத்தையும் படித்துவிட்டு நான் பயந்தது போலவே கேட்டார். நீயும் நடராஜனும் ஒரே மாகாணம், இல்லையா? வயர் பழையது என்று நீ சொல்கிறாய், நேற்றுப் போட்டதில்லை என்பதற்கு என்ன சாட்சி? பழைய அதிகாரியைக் கேட்கலாம் என்றேன். அவர் வெளிநாட்டில் ஏதோ பதவியில் இருந்தார். கடிதம் போய்ப் பதில் வர எத்தனை மாதம் ஆகுமோ. பதில் வந்தாலும், நாலு வருடத்துக்கு முன் ஒரு டெக்னீஷியன் எந்தப் பக்கம் வயர் இழுத்தான் என்று அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

அப்போதுதான் மேடம், அறைக்குப் போய்க் காட்டலாமா என்று கேட்டார். எல்லோரும் போனோம். விசாரணை அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் இருவர். மேடம் வழக்கம் போலச் செய்தித்தாளை விரித்து மண்டி போட்டார். சுவரின் அடிப்பக்கம் வயரைப் பிடித்து வைத்திருந்த சின்ன ஆணிக் கிளிப்புகளில் ஒன்றைக் காட்டினார். சுவர் அப்போது வெளிர் மஞ்சள். கிளிப்பின் தலைமேலும் அதே மஞ்சள் பெயிண்ட். வயரின் மேல்பக்கத்திலும் மஞ்சள் படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை மெதுவாக நெம்பி எடுத்து, வயரை விலக்கினார். வயர் ஒட்டியிருந்த இடத்தில், கோடு போட்டது போலப் பச்சை. சுவரின் பழைய நிறம்.

பாதுகாப்பு அதிகாரி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், மீசைக்காரர், நடராஜனை இடைநீக்கம் செய்யப் பரிந்துரை எழுதியவரே அவர்தான். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டி போட்டார். அடுத்த கிளிப்பை அவரே நெம்பினார். அங்கேயும் பச்சை. இன்னொன்றை நெம்பினார். பிறகு நிமிர்ந்து, இந்த அறைக்கு எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்று கேட்டார். மேடம் அதையும் முன்பே விசாரித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். பழைய அதிகாரி போனபின், புது அதிகாரி வருவதற்கு முன், அறை காலியாக இருந்த பதினைந்து நாளில் அடித்திருக்கிறார்கள். நடராஜன் இந்தக் கட்டடத்துக்குள் வந்ததே அதற்கு அடுத்த மாதம்.

அலமாரிக்குப் பின்னால் இருந்த முனையையும் காட்டினார். செம்பு களிம்பேறிப் பச்சை பூத்திருந்தது. எந்தக் கருவியையாவது அண்மையில் அதில் மாட்டியிருந்தால் மாட்டிய இடமாவது பளபளப்பாக இருக்கும். பாதுகாப்பு அதிகாரி அதைத் தன் அறிக்கையில் தானே எழுதினார். தவறு தன்னுடையது என்று எழுதவில்லை, ஆனால் நடராஜன்மேல் சந்தேகத்துக்கு இடமில்லை என்று நேராக எழுதினார்.

ஒரு மாதத்துக்குள் நடராஜன் வேலைக்குத் திரும்பினார். விஷயம் உண்மையில் எப்படி வெளியே போனது என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். மேடத்தின் பணிப் பதிவில் கண்டனம் ஏறியது. நான் அவரிடம் வருத்தம் சொல்லப் போனபோது, மாடி முழுக்க நூற்றுச் சொச்சம் மேஜை இருக்கிறது, நாளைக்கு முதல் மேஜையில் தொடங்கலாம் என்றார். தொடங்கினோம். அந்தக் குளிர்காலமும் அடுத்த கோடையும் முழுவதும் ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் படுத்து எழுந்தோம். இரண்டு முனையிலும் சீட்டு என்பது மேடத்துக்கு முறையாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. சீட்டில்லாத ஒரு வயரைப் பார்த்தால், அதன் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று இருக்கும்.

நடராஜனைப் பழைய அறைக்கு அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவின் முறை வந்தபோது நான்தான் போனேன். அவர் மேஜைக்குத் தொலைபேசி வைக்க உத்தரவு இருந்தது. வழக்கம் போல நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். நான் பையைத் திறப்பதற்குள், தனக்குத் தொலைபேசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு போன் வந்தால் பக்கத்து அறையில் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அந்த வயர் நான் போட்டது என்பது அவருக்கு அலுவலகம் மூலம் தெரிந்திருக்கும். ஆனால் மார்க்கெட்டில் அவரைப் பார்த்த அன்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் போனேன் என்பது தெரியாது. அதைச் சொன்னேன்.

"தெரியும் முருகேசன். அன்னிக்கு நீங்க சாமான் வாங்காம போனீங்களே" என்றார்.

ஐந்தாறு வருடம் அவர் மேஜையில் தொலைபேசி இல்லாமலே வேலை பார்த்தார். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் வீட்டு விஷயம் விசாரிப்பார், என் மகன் பெயரைச் சொல்லிக் கேட்பார். ஆனால் பக்கத்து அறையில் மணி அடித்து அவரைக் கூப்பிட்டால், எழுந்து போகும்போது விசாரணைக்குப் போகிறவர் மாதிரிச் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் அவர் மகளுக்குக் கல்யாணமாகி நாக்பூருக்குப் போனாள். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டதாம், லைன்மேன் வாசல் வரை கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே எங்கே எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை, நீங்கள் வந்து போட்டுக் கொடுக்க முடியுமா என்றார்.

போனேன். முன்னறையில் கலர் டி.வி. வைத்திருந்தார்கள். அதன் பின்னால் ஆன்டெனா வயர், ஸ்டெபிலைசர் வயர், ரேடியோ வயர், ஒரு சின்ன விளக்கு, எல்லாம் ஒரே பந்து. அதை ஒட்டித்தான் தொலைபேசி வர வேண்டும். நான் தரையில் உட்கார்ந்தேன். நடராஜன் அன்று நாற்காலியைத் தொடவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இது எங்கே போகுது என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டார். மொட்டை மாடிக்கு, ஆன்டெனாவுக்கு என்றேன். இது? ஸ்டெபிலைசருக்கு. ஒவ்வொன்றையும் அவர் விரலால் பிடித்துப் போய் முனையைப் பார்த்துவிட்டு வந்தார், நான் சொல்வது சரிதானா என்று. நானும் பொறுமையாக இருந்தேன். மின்சாரத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, மற்றதை ஒரு பக்கம் கட்டி, தொலைபேசி வயரைத் தனியாக ஜன்னல் ஓரமாக, முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் கொண்டுவந்தேன். ஓரிடத்தில்கூட ஜாயின்ட் இல்லாமல் ஒரே வயராகப் போட்டேன். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்.

எடுத்துப் பாருங்கள் ஸார் என்று ரிசீவரைக் கொடுத்தேன். காதில் வைத்து, சத்தம் வருகிறது என்றார். நாக்பூருக்குப் போடுவார் என்று நினைத்தேன். அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே, மல்ஹோத்ரா மேடத்தின் நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். மேடம் அதற்குள் மாற்றலாகி வேறு கட்டடத்துக்குப் போயிருந்தார். வீட்டு நம்பர் என் டைரியில் இருந்தது. சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினார். எழுந்து நின்றுகொண்டார்.

மறுபக்கம் மேடம்தான் எடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நடராஜன் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பழைய அறையின் நம்பரைச் சொன்னார். மேடம் ஏதோ கேட்டிருக்கிறார். தொலைபேசி வேலையில் இருப்பவர், முன்பின் பேசியிராத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டால், லைனில் ஏதாவது புகாரா என்றுதானே கேட்பார்?

நடராஜன் தலையை ஆட்டினார், அவர் எதிரே நிற்பது போல.

"நஹீ மேடம்ஜி" என்றார். "கோயி ஷிகாயத் நஹீ." பிறகு எனக்காகவோ தனக்காகவோ தமிழில் இன்னொரு முறை சொன்னார்: "ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை."